கொடி விழுமுன் சுடக்கூடாது

ராக்கப்பன் மாமாவுக்குத் துப்பாக்கி விளையாட்டில் எது துப்பாக்கி, எது துப்பாக்கியைப் பிடித்திருக்கிற ஆள் என்று இன்றுவரை தெரியாது. திரையில் எது அசைந்தாலும் "அந்தா வாரான் பாரு" என்பார். மரம் அசைந்தாலும் அதேதான். ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் கைபேசித் துப்பாக்கி விளையாட்டுக்கு ஒரு லீக் இருக்கிறதென்றால், அதில் ஆடுகிற பயல்களுக்கும் பிள்ளைகளுக்கும் சம்பளம் என்ற பேச்சு வந்ததென்றால், அதற்குக் காரணம் அவர் ஒருத்தர்தான்.

விளையாட்டின் பெயரை எழுதக்கூடாது என்று அதை நடத்துகிற கம்பெனி சொல்லியிருக்கிறது. நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், நடுவில் இடிந்த கட்டடம். எண்ணி முடித்ததும் இரண்டு பக்கமும் கதவு திறக்கும். ஓடிப்போய்ச் சுட வேண்டும். இவ்வளவுதான் விசயம். இதை எழுதுகிற நான், அஜய்குமார், சுருளிப்பட்டி அணிக்கு ஆடுகிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சண்டை இல்லாமல் பிரிந்துவிட்டோம். எழுத்தில் பிழை இருந்தால் அதில் பாதி பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம்.

மாமா எனக்கு ரத்த உறவு இல்லை. எங்கள் தெருவில் மீசை வைத்த எல்லாரும் மாமாதான். இவர் மீசை கொஞ்சம் பெரிது, அதனால் கொஞ்சம் பெரிய மாமா.

அவர் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். தோட்டத்தில் வெட்டிய திராட்சையை ஏற்றிக்கொண்டு போய்க் கம்பம் மார்க்கெட்டில் இறக்குவது தொழில். வண்டியில் ஹாரன் வேலை செய்யாது. தேவையும் இல்லை. தலையை வெளியே நீட்டி "ஏலே, ஒதுங்கு" என்று ஒரு சத்தம் போட்டால் எதிரே வரும் பஸ் தானாக ஓரங்கட்டும். ஒருமுறை பஸ்ஸோடு சேர்ந்து அதன் பின்னால் வந்த கல்யாண ஊர்வலமும் ஓரங்கட்டியது. மாப்பிள்ளை கீழே இறங்கியே விட்டார்.

ஆனால் மாமாவின் உயிர் இருந்தது மாட்டுவண்டிப் பந்தயத்தில். அவரிடம் மாடு கிடையாது, பந்தய வண்டி கிடையாது. கமிட்டியில் இருந்தார், அவ்வளவுதான். கமிட்டி அவருக்குக் கொடுத்திருந்த வேலை, வண்டிகள் போய்த் திரும்புகிற இடத்தில் நின்று "திரும்பு, திரும்பு" என்று கத்துவது. ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், புளியமரத்தடியில். அதனால் மாமா ஒரு பந்தயம் தொடங்கியதையும் பார்த்ததில்லை, முடிந்ததையும் பார்த்ததில்லை. நடுவில் கிளம்புகிற புழுதியை மட்டும் பார்த்தவர். வீட்டுக்கு வந்து, "யாரு ஜெயிச்சா?" என்று முனீஸ்வரி அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

அவருக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கொடி வீச வேண்டும்.

பந்தயம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டில் வண்டிகள் வரிசையாக நிற்கும். மாடு நிற்காது, துள்ளும். சாரதி கயிற்றை இழுத்துப் பிடித்திருப்பான். எல்லாக் கண்ணும் ஒரு கொடியின் மேல் இருக்கும். கொடி விழுந்தால் புறப்பாடு. விழுவதற்கு முன்னால் எவன் நகர்ந்தாலும் வண்டி கழிவு, போட்டியில் சேர்த்தி இல்லை. அப்பன் வந்து கெஞ்சினாலும் கழிவுதான். அந்த ஒரு நிமிடம் ஊரே ஓர் ஆளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கை எப்போதும் யாராவது பெரிய மனிதருடையதாக இருக்கும். கொடி வீச வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும், பின்னால் பத்துப் பேர் நிற்க வேண்டும். மாமாவின் வேட்டியில் எப்போதும் திராட்சைக் கறை. பின்னால் நிற்பது அத்தை மட்டும்தான், அதுவும் திட்டுவதற்கு.

மொட்டைமாடியில் துண்டை வைத்து அவர் பழகுவதை நான் பார்த்திருக்கிறேன். மேலே தூக்கி, மூச்சைப் பிடித்து, சட்டென்று இறக்குவார். கீழே இருந்து அத்தையின் குரல் வரும்.

"அங்கன என்ன பண்றீக?"

"ஈ ஓட்டுறேன்டி."

"அம்புட்டு உசரத்துல எந்த ஈ பறக்குது?"

இப்படி இருக்கும்போது ஒரு வருசம் பந்தயத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. போஸ்டர் அடித்தாகிவிட்டது, பரிசு தருகிறவர்கள் பேரெல்லாம் பெரிதாகப் போட்டாகிவிட்டது. மாமா முகம் வாடிய கத்திரிக்காய் மாதிரி ஆகி, பஸ் நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே நாங்கள் நாலு பேர் கைபேசியில் தலையைக் கவிழ்த்திருந்தோம்.

"என்னலே இது?"

"சண்டை மாமா. நாலு பேருக்கு நாலு பேரு."

"இதுக்கு ரோடு வேணுமா?"

"வேணாம்."

"போலீசு பந்தோபஸ்து?"

"எதுக்கு மாமா?"

"சாணி அள்ள ஆளு?"

"மாமா, இது போனு."

மாமா அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, யாரோ கேட்டுவிடப் போவதுபோல, "ஆரம்பிக்கும்போது கொடி வீசுவாகளா?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வீசாம? கொடி விழாம எவனும் சுடக் கூடாது மாமா. முந்துனா கழிவு" என்றேன்.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டினார். லீக் பிறந்துவிட்டது.

முதல் வருசம் போஸ்டருக்குப் புதிதாகச் செலவு செய்யவில்லை. 'மாட்டுவண்டிப் பந்தயம்' என்ற எழுத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி 'துப்பாக்கிப் பந்தயம்' என்று எழுதினோம். மாடுகளின் படம் அப்படியே இருந்தது. நான் மாடுகளுக்குக் கறுப்புக் கண்ணாடி வரைந்துவிட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தொடக்கப் பொத்தான் என்னிடம் இருந்தது. கொடி விழுந்ததும் நான் அழுத்த வேண்டும், அதற்கு முன் எவன் விரலை அசைத்தாலும் கழிவு என்பது ஏற்பாடு. மைக்கில் மாமா.

"சுருளிப்பட்டி மாடு முன்னால போகுது! கோம்பை மாடு ஒட்டி வருது! ஏய், சுருளிப்பட்டி மாடு செத்துப்போச்சு!"

செத்தது நான்தான். கூட்டத்தில் இருந்த என் அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

கொடியை யார் வீசியது? மண்டபத்துக்காரர். வாடகை வேண்டாம், கொடி மட்டும் என்றார். மாமா அத்தையின் பச்சைச் சேலையில் வெட்டித் தைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த கொடியை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். பிறகு பழக்கதோசத்தில் மண்டபத்தின் கடைசி மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

இரண்டாம் வருசம் லீக் வளர்ந்தது. கோம்பை, வடுகபட்டி, போடி, சுருளிப்பட்டி என்று ஊருக்கு ஓர் அணி. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆட்டம். எந்த அணி எத்தனை புள்ளி என்று குட்டியானையின் பக்கவாட்டில் சாக்பீசால் எழுதிக்கொண்டு மாமா ஊர் ஊராகப் போவார். ஒருநாள் கூடலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. முதலிடத்தில் இருந்த வடுகபட்டி கரைந்து டயர் வழியாக ரோட்டுக்கு இறங்கிவிட்டது. வடுகபட்டிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். "மழைய எவன் ஜெயிக்க முடியும்?" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து பெயிண்ட்.

வயதுத் தகராறும் அந்த வருசம்தான் வந்தது. சின்னப் பிள்ளைகளை ஆடவிடக்கூடாது, பதினாறு தாண்டியிருக்க வேண்டும் என்று விளையாட்டிலேயே விதி உண்டு. மாமா எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கிப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"அட்டைல தேதி தப்பா இருக்கும். பல்லு தப்பா இருக்காது. வாயத் தொற."

பந்தய மாட்டைப் பல் பார்த்துத்தான் பெரிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பெரியதிலிருந்து குட்டி வரை பிரிப்பார்கள். எங்களையும் சுவரோரம் நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கள் அணித் தலைவி கயல், தேனியில் கல்லூரிக்குப் போகிறவள், வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"மாமா, நான் என்ன மாடா?"

"மாடுன்னா இம்புட்டுக் கேள்வி கேக்காது ஆத்தா. ஆ காட்டு."

கயல் பெரிய மாடு பிரிவில் தேறினாள். கோம்பை அணித் தலைவன் சூரியபிரகாஷுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனால் கடைவாயில் பல் முளைக்கவில்லை என்று மாமா அவனைப் பூஞ்சிட்டில் போட்டுவிட்டார். பெண் வீட்டார் கேள்விப்பட்டுத் தரகருக்குப் போன் போட்டுவிட்டார்கள். அவன் ஒரு பல் டாக்டரிடம் போய், பல் உள்ளே படுத்திருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துவந்து மேசையில் வைத்த பிறகுதான் பெரிய மாடானான்.

அந்த வருசம் முதல் பரிசு ஒரு கிடாய். நாங்கள் ஜெயித்தோம். நாலு பேருக்கு ஒரு கிடாயை எப்படிப் பிரிப்பது என்று யோசிக்கிற நேரத்தில் அது கயலின் சார்ஜர் ஒயரைத் தின்றுவிட்டது. பரிசைத் தந்தவர் உரக்கடை தங்கபாண்டி. பரிசு தருகிறவருக்குத்தானே கொடி? அவர் வீசிய வீச்சில் கொடி மின்விசிறியில் மாட்டிச் சுற்றியது. மாமா கீழே நின்று கொடியோடு சேர்ந்து தானும் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் நீங்க வீசுங்க மாமா" என்றேன்.

"எனக்கு எதுக்குலே?" என்றார். ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் இரண்டாம் சோறு கேட்கவில்லை என்று அத்தை சொன்னாள்.

மூன்றாம் வருசம் மகிமா அக்கா வந்தாள். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். அவள் சென்னையில் அந்த விளையாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தவள் குட்டியானையில் புள்ளிப் பட்டியலைப் பார்த்து, அதன் பின்னாலேயே ஸ்கூட்டியில் கம்பம் வரை துரத்திப் போய் மாமாவைப் பிடித்தாள். மாமா பணம் கேட்கத் துரத்துகிறார்கள் என்று நினைத்து வேகமாகப் போயிருக்கிறார்.

எங்களையும் கம்பத்துக்குக் கூப்பிட்டு அவள் சொன்னது இது. கம்பெனி தமிழ்நாடு முழுக்கத் தொழில்முறை லீக் ஒன்று தொடங்குகிறது. பள்ளத்தாக்கு லீக்கை அப்படியே அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம், சீருடை, பயிற்சியாளர். ஆனால் இறுதிப் போட்டியைக் கம்பெனியின் மேலதிகாரி சென்னையிலிருந்து நேரலையில் பார்ப்பார். எல்லாம் கம்பெனி விதிப்படி நடக்க வேண்டும்.

"கிடாய் கூடாது சார்."

"சரி ஆத்தா."

"பல் பார்க்கக் கூடாது."

"அது கொஞ்சம் கஷ்டம். சரி."

"வீரர்களை மாடுன்னு சொல்லக் கூடாது."

மாமா தலையைச் சொறிந்தார். "மறந்து வந்துரும். சரி, வாயக் கட்டிக்கிறேன்."

"ஆட்டம் சென்னையில இருந்துதான் ஆரம்பிக்கும். அவுக கம்ப்யூட்டர் எண்ணும், கதவு தானா திறக்கும். கொடி எல்லாம் இல்ல சார்."

மாமா திரும்பிக்கொண்டார். வண்டியில் இருந்த காலிப் பெட்டிகளைக் காரணமே இல்லாமல் இறக்கி மறுபடி ஏற்றினார். அந்த வருசம் கொடிக்கு அவர் யாரிடமும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. பரிசு தருகிறேன் என்று வந்தவர்களிடம்கூட, "பரிசு குடுங்க, கொடியப் பத்திப் பேசாதீக" என்று சொல்லிவைத்திருந்தார். அது எங்களுக்குத் தெரியும்.

கயலும் அங்கேதான் நின்றாள். அவள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வருகிற வேலை என்றால் ஆடு, இல்லையென்றால் போனைக் கொடுத்துவிட்டுக் கல்யாணச் சேலை எடுக்கக் கிளம்பு என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். மாமா அவளை ஒருமுறை பார்த்தார்.

"பிள்ளைகளுக்குச் சம்பளம் வருமுல்ல? கொடி வேணாம் ஆத்தா. எழுதிக்க."

மகிமா அக்கா பஜாரில் வளர்ந்தவள், மனிதர் முகம் பார்க்கத் தெரியும். "சார், நீங்க ஆசைப்பட்டா மேடையில நின்னு ஒரு சம்பிரதாயத்துக்குக் கொடி வீசிக்கங்க. ஆட்டம் அதுபாட்டுக்கு ஆரம்பிச்சுக்கும்" என்றாள்.

இதில் முதல் பாதி மாமாவின் காதில் விழுந்தது. இரண்டாம் பாதி விழவில்லை. அவர் அதற்குள் வண்டியில் ஏறி வீட்டுக்குப் பறந்துவிட்டார். நாங்கள் போவதற்குள் அத்தை வாசலில் நின்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்காரு கொடி வீசித்தான் ஆட்டமே ஆரம்பிக்கப் போகுதாம். மெட்ராசுக்காரவுகளே சொல்லிட்டாக."

கயல் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்தவன் காலில் இருக்கிற செருப்பை எடுத்து மரத்தில் கட்டுவதற்கு எனக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

இறுதிப் போட்டி தேனியில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. சுருளிப்பட்டியும் கோம்பையும். மேடையின் இரு ஓரமும் மேசை போட்டு, அணிக்கு நாலு பேராக எதிரெதிரே உட்காரவைத்து, காதில் பெரிய கருவி மாட்டிவிட்டார்கள். மேடையின் பின்சுவர் முழுக்கத் திரை. சென்னையில் உட்கார்ந்திருந்த இரண்டு வர்ணனையாளர்கள் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேடையின் நடுவில், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, திரைக்கு முதுகு காட்டியபடி மாமா நின்றார். வேட்டி அவ்வளவு வெள்ளை. கறை தெரியாமலிருக்க அத்தை புதிதாகவே வாங்கிவிட்டாள். கையில் பச்சைக் கொடி, முன்னால் மைக்.

திரையில் எண்ண ஆரம்பித்தார்கள். மாமா கொடியைத் தூக்கினார். சரியாக வந்துவிடும் போலத்தான் இருந்தது. எண்ணி முடிகிற நேரமும் கை இறங்குகிற நேரமும் ஒன்றாக இருந்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. நான் குலசாமியை வேண்டிக்கொண்டேன்.

குலசாமிக்குப் பதிலாக உரக்கடை தங்கபாண்டி மேடை ஏறி வந்தார்.

"ராக்கப்பா, கொடியக் கொண்டா."

"அண்ணே?"

"போன வருசம் காத்தாடில மாட்டிருச்சு. இந்த வருசம் சரியா வீசிர்றேன். கொண்டா."

மாமாவின் கை பாதி இறங்கியது. நீட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். இரண்டு வருசமாக நீட்டிப் பழகிய கை. முன்வரிசையில் முனீஸ்வரி அத்தை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

மாமா கொடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "இந்தத் தடவ இல்லண்ணே."

"என்னது?"

"இந்தத் தடவ நான் வீசுறேன். கோவிச்சுக்காதீக."

இதை அவர் மைக்கில் சொல்லிவிட்டார். மண்டபமே கேட்டது. தங்கபாண்டிக்குக் கை நீட்டியபடியே நின்றுவிட்டது, மடக்கத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் எண்ணி முடிந்து, 'தொடங்கு' என்று சிவப்பில் எழுத்து வந்து, இரண்டு பக்கமும் கதவு திறந்துகொண்டது.

என் கட்டைவிரல் திரைமேல் இருந்தது. அழுத்தவில்லை. பாசம் கீசம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொடி விழாமல் அழுத்தி எனக்குப் பழக்கமில்லை, விரல் வரவில்லை, அவ்வளவுதான். காதுக் கருவியில் கயலின் குரல் மட்டும் கேட்டது.

"யாரும் அசையாதீக."

கதவு திறந்தே கிடந்தது. எதிர் மேசையையும் திரையையும் பார்த்தேன். சூரியபிரகாஷ் துப்பாக்கியோடு வாசலில் நிற்கிறான். ஓடிவந்தால் எங்கள் நாலு பேரையும் கோழி அமுக்குவது மாதிரி அமுக்கலாம். அவனும் அசையவில்லை. அவன் பயல்களும் அசையவில்லை. திரையில் எட்டு வீரர்கள், ரேசன் கடை வரிசை மாதிரி நிற்கிறார்கள்.

வர்ணனையாளர்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. "இது ஒரு வியூகமா இருக்கலாம்" என்றார் ஒருவர். "இரண்டு அணியும் ஒரே வியூகமா?" என்றார் மற்றவர்.

கூட்டத்திலிருந்து சூரியபிரகாஷின் அப்பா எழுந்தார். "ஏலே, கதவு தொறந்திருச்சுடா! சுடுறா!"

சூரியபிரகாஷ் தலையைத் திருப்பாமலே கத்தினான். "கொடி விழலப்பா! முந்துனா கழிவு!"

மாமாவுக்கு இது கேட்டது. ஆள்கள் அவசரப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மைக்கில், "பொறுங்கய்யா, பொறுங்க. பிள்ளைக ஒழுங்கா நிக்கிதுல்ல? நீங்க ஏன் துள்ளுறீக?" என்றார். கூட்டத்தில் பாதிப்பேர் பந்தயம் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு விசயம் புரிந்துவிட்டது. யாரும் மூச்சு விடவில்லை. சூரியபிரகாஷின் அப்பாவை வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

மகிமா அக்கா எங்கள் மேசைக்கு ஓடிவந்தாள். காதில் போன். "என்ன ஆச்சு? நெட் போச்சா?"

"நெட்டு இருக்குக்கா. கொடி விழல" என்றாள் கயல். அவளுடைய சம்பளம், மாப்பிள்ளை, எல்லாம் அந்தத் திரையில் கரைந்துகொண்டிருந்தது. கண் மட்டும் மாமாவின் கையை விட்டு நகரவில்லை.

"கயல், மேலதிகாரி லைன்ல இருக்காரு. ஆட்டம் நின்னு போச்சுன்னா ஒப்பந்தம் இல்லைங்கிறாரு."

"கொடி விழட்டும்க்கா."

மகிமா அக்கா மாமாவின் முதுகைப் பார்த்தாள். எங்கள் எட்டுப் பேரையும் பார்த்தாள். போனில், "நெட் பிரச்சினை இல்ல சார். இந்த ஊர் முறை. ஒரு நிமிசம்" என்றாள்.

மேடையில் தங்கபாண்டி இன்னும் கை நீட்டியபடி நின்றார். அத்தை மேடை ஏறி, நீட்டிய கையில் ஒரு காப்பி டம்ளரை வைத்தாள். "அண்ணே, சூடா இருக்கு. கீழ வந்து உக்காந்து குடிங்க." சூடு பட்டு அவர் இறங்கியே போய்விட்டார்.

இனிமேலாவது வீசுவார் என்று பார்த்தோம். முறை என்று ஒன்று இருக்கிறதே! மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பரிசு தந்தவர்கள் பேரை வாசிக்க ஆரம்பித்தார். பந்தல் போட்டவர் பேர், மைக் செட் பேர், மோர் ஊற்றியவர் பேர். திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு விரல் மரத்துவிட்டது. எதிரில் சூரியபிரகாஷுக்கு மூக்கு அரித்தது, சொறியவில்லை.

"சுருளிப்பட்டி... மாடு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சுருளிப்பட்டிப் பிள்ளைக தயாரா?"

"தயார் மாமா!"

"கோம்பைப் பிள்ளைக தயாரா?"

"தயார் மாமா!"

கொடி மேலே போனது. கால் நுனியில் நின்று, மூச்சைப் பிடித்து, மீசை துடிக்க ஒரு கணம் அப்படியே வைத்திருந்தார். தேனி மண்டபம் முழுவதும் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேரலையில் எத்தனை ஊர் பார்த்ததோ. பிறகு சட்டென்று இறக்கினார்.

எட்டுத் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் வெடித்தன. மண்டபம் இடிந்து விழுந்தது மாதிரி ஒரு சத்தம், அது கூட்டத்தின் சத்தம். முதலில் செத்தது நான். திரையைப் பார்ப்பதற்குப் பதிலாக மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஏதோ தூசி வேறு.

கோம்பைதான் கோப்பையை வாங்கியது. கயல் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஆனால் மகிமா அக்கா போனை மூடிவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சுடாமல் நின்ற நேரத்தில்தான் நேரலைக்கு ஆள்கள் கூடிக்கொண்டே போனார்களாம். என்ன நடக்கிறது என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மேலதிகாரி முதலில் கத்தினாராம். பிறகு, கொடி பிடித்தவர் யார் என்று கேட்டாராம். ஒப்பந்தம் உறுதி. கயல் அந்த இடத்திலேயே அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டு, "சேலை எடுக்க வேணாம்ப்பா" என்றாள்.

மாமா வேர்த்து ஒழுக மகிமா அக்காவிடம் வந்தார்.

"பாத்தியா ஆத்தா? கொடி விழுந்த நொடியில டக்குனு ஆரம்பிச்சுச்சு. நான் என்னமோ மெட்ராசுக்காரன் அவசரப்பட்டு முந்திருவான்னு பயந்தேன். மனுசன் எம்புட்டுப் பொறுமையா இருந்திருக்கான்!"

மகிமா அக்கா எங்களைப் பார்த்தாள். நாங்கள் மேற்கூரையைப் பார்த்தோம். சூரியபிரகாஷ் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

"ஆமா சார். பொறுமையான ஆளுதான்" என்றாள்.

"அந்தத் தம்பிக்கு ஒரு போன் போட்டுக் குடு. ஒரு வார்த்தை சொல்லணும்."

அவள் விழித்தாள். நான் அவள் கண்ணைப் பார்த்து என் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிவிட்டு, பின்கதவு வழியாக வெளியே போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்றேன். போன் அடித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"ஹலோ, சென்னை கன்ட்ரோல் ரூம்."

"தம்பி, நான் ராக்கப்பன் பேசுறேன். கொடி வீசுன ஆளு."

"சொல்லுங்க சார்."

"இங்கன இருந்து நான் வீசுனது அங்கன நல்லாத் தெரிஞ்சுச்சா?"

"பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு சார்."

"கை நேரா இறங்குச்சா? கொஞ்சம் கோணிருச்சோன்னு ஒரு சந்தேகம்."

"நூல் புடிச்ச மாதிரி இறங்குச்சு சார். நாங்க அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு பாத்தோம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மூக்கைப் பிடித்திருந்த விரலை எடுக்கலாமா என்று யோசித்தேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மெட்ராஸ்தான் சார்." கொஞ்சம் யோசித்து, "அம்மாவுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம்" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றார் மாமா. "கொடிக்குக் காத்து நிக்கத் தெரிஞ்சிருக்கு. நல்லா இருப்பா."